குன்னூர் ஜிப்சிக்கு வீட்டிலேயே ஹெடர்: நீளம், விட்டம், வெல்டிங்

தேயிலைச்சரிவு, குன்னூர்
சனி, காலை 7.10

வணக்கம் நண்பர்களே. என்னுடைய 2004 ஜிப்சியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டாவது தடவையாக விரிசல் விட்டிருக்கிறது. முதல் தடவை வார்ப்பிரும்பு ராடு போட்டு ஒட்டினோம், ஆறு மாதம் தாங்கியது. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் பானட்டுக்குள் யாரோ விரலால் தகரத்தைத் தட்டுவது போல டக் டக் என்று சத்தம் வருகிறது. வண்டி சூடானதும் விரிசல் மூடிக்கொள்கிறது, சத்தமும் அடங்கிவிடுகிறது. ஆனால் மைலேஜ் விழுந்தது விழுந்ததுதான்.

புதிதாக இன்னொரு வார்ப்பு மேனிஃபோல்டு வாங்கிப் போடலாம். ஆனால் ரொம்ப நாளாகவே ஹெடர், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பைப் வைத்துப் பின்னால் ஒன்றுசேர்க்கும் அமைப்பு, கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 200 ஆம்பியர் டிக் வெல்டிங் மிஷின், ஆங்கிள் கிரைண்டர், நல்ல வைஸ் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. கேட்டும் கைப்பிடியும் வெல்டிங் செய்து கை பழகியிருக்கிறது. எஞ்சின் 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்). வாரத்தில் நான்கு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன், பின்னால் உர மூட்டையோ இலை மூட்டையோ இருக்கும். எனக்கு வேகம் வேண்டாம், ஏற்றத்தில் இழுவைதான் வேண்டும். 4-1 (நான்கு பைப்பும் ஒரே இடத்தில் ஒன்றாவது) நல்லதா, 4-2-1 (முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது) நல்லதா? பைப் எத்தனை நீளம், எத்தனை விட்டம்? எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாமா, சாதா இரும்பே போதுமா?

லேத்பட்டறை, கோவை
சனி, காலை 9.35

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) உங்களுக்கு இழுவை வேண்டும்? அது தெரியாமல் பைப் வாங்கினால் கண்ணைக் கட்டிக்கொண்டு சட்டை தைத்த மாதிரி ஆகிவிடும்.

ஹெடர் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை பைப்புக்குள் பாய்கிறது. புகை நகரும் வேகம் வேறு, இந்த அலை ஓடும் வேகம் வேறு. அலை ஒலியின் வேகத்தில் போகிறது. பைப் திடீரென்று அகலமாகிற இடத்தில், அதாவது பைப்புகள் ஒன்றுசேரும் கலெக்டரில், அது தலைகீழாகத் திரும்பி உறிஞ்சும் அலையாக வால்வை நோக்கி வருகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து கொஞ்சம் திறந்திருக்கிற அந்த நொடித்துளியில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும். முன்னாலேயே வந்தாலும் தாமதமாக வந்தாலும் பயனில்லை. பைப்பின் நீளம் என்பது இந்த நேரக் கணக்குத்தான்.

பல பத்தாண்டுகளாகப் பட்டறைகளில் புழங்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. பிஸ்டன் கீழ்மட்டத்தைத் தொடுவதற்கு எத்தனை பாகை முன்னால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறதோ அதை 180-உடன் கூட்டுங்கள். 850-ஆல் பெருக்கி, ஆர்பிஎம்மால் வகுத்து, 3 கழியுங்கள். வருவது அங்குலத்தில் நீளம். 3 கழிப்பது சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே இருக்கும் போர்ட், அதாவது புகைவழியின் நீளத்துக்காக. எங்கே தொடங்குவது என்று காட்டும் கணக்கு இது, கடைசி வார்த்தை இல்லை. ஆனால் தொடங்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

கொண்டைஊசி, கூடலூர்
சனி, மதியம் 1.20

4-1 போடுங்க அண்ணா. நான் என் வண்டிக்கு 6500 ஆர்பிஎம் வைத்துக் கணக்குப் போட்டுக் கட்டினேன், 27 அங்குல நீளம், உள்விட்டம் 35 மி.மீ. 5000 தாண்டினால் வண்டி வேற மாதிரி ஆயிடும். சின்ன பைப் போட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும்.

தேயிலைச்சரிவு, குன்னூர்
சனி, இரவு 8.45

தம்பி, உங்கள் வண்டி மைதானத்தில் ஓடுவது, அதற்கு அது சரி. நான் பர்லியார் தாண்டி ஏறும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் கியரில் 2500-க்கும் 4000-க்கும் நடுவில்தான் முள் ஆடுகிறது. கொண்டை ஊசியில் திரும்பி வெளியே வரும்போது 2000-க்குப் பக்கம் இறங்கிவிடுகிறது. 6500-ஐ என் வண்டி பார்த்ததே இல்லை. இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொல்லும் உச்ச டார்க்கே (முறுக்குவிசை) 4500-இல்தான். அதனால் 4500-ஐயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

மஞ்சூர்வண்டி
ஞாயிறு, காலை 6.50

ஒரு சந்தேகம். இங்கே மேலே காற்று மெல்லிசு. கீழே கோவையில் கட்டுகிற ஹெடரின் அளவு நம்ம ஊருக்கு ஒத்துவருமா? நீளத்தை மாற்ற வேண்டாமா? காற்று கம்மி என்றால் பைப்பைப் பெரிதாக்கினால் ஈடுகட்டலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார்.

பௌதிகவாத்தியார், கோத்தகிரி
ஞாயிறு, காலை 10.15

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். குன்னூர் சுமார் 1850 மீட்டர், அங்கே ஐந்தில் நான்கு பங்கு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு தடவையும் விழுங்கும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைகிறது. 80 குதிரைத்திறன் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் குன்னூரில் ஏறக்குறைய 65 இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பைப்பாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஆனால் ஒலியின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்ததில்லை, வெப்பத்தைப் பொறுத்தது. எக்ஸாஸ்ட் பைப்புக்குள் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் புகை மேட்டுப்பாளையத்திலும் அதே சூடு, தொட்டபெட்டாவிலும் ஏறக்குறைய அதே சூடுதான். அதனால் அலை போய்வர ஆகும் நேரம் மாறாது. நீளத்தை மாற்ற வேண்டியதில்லை.

பெரிய பைப் என்பது தவறான யோசனை. மேலே வந்தால் வெளியேறும் புகையின் எடை குறைகிறதே தவிரக் கூடுவதில்லை. குறைவான புகைக்கு எதற்குப் பெரிய பைப்? அகலமான பைப்பில் புகை மெதுவாக நகரும், தன் பின்னால் அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும் வேகம் அதற்கு இருக்காது. தாழ்ந்த ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிடும். நம்ம ஊர் ஏற்றத்தில் நமக்கு வேண்டியதே அந்த இழுவைதான்.

லேத்பட்டறை, கோவை
ஞாயிறு, மதியம் 12.05

வாத்தியார் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. 4-2-1 போடுங்கள். நாலு சிலிண்டரில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றையும் நான்கையும் ஜோடி சேருங்கள், இரண்டையும் மூன்றையும் ஜோடி சேருங்கள். அப்போதுதான் ஒரு ஜோடிக்குள் இரண்டு வெடிப்புக்கும் நடுவே சரியாக 360 பாகை இடைவெளி இருக்கும், ஒன்றின் புகை மற்றதன் வாயில் போய் மோதாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒன்றையும் இரண்டையும் சேர்த்து, பிறகு வண்டி நடுவில் திக்குகிறது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேயிலைச்சரிவு, குன்னூர்
செவ்வாய், இரவு 9.30

கணக்கு முடிந்தது. வால்வு கவரைக் கழற்றி, கிராங்க் புல்லியில் பாகைத் தகடு மாட்டி, டயல் கேஜ் வைத்து அளந்தேன். சுமார் 50 பாகை முன்னால் திறக்கிறது. அப்படியானால் 230. 850 பெருக்கல் 230, வகுத்தல் 4500, கழித்தல் 3. வந்தது 40.4 அங்குலம். 4-2-1-இல் இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஹெட்டிலிருந்து ஜோடி சேரும் வரை உள்ள முதல் பைப்பை 15 அங்குலமாக வைத்துக்கொள்வது வழக்கமாம், அதாவது 381 மி.மீ. மிச்சம் 25.4 அங்குலம் ஜோடி சேர்ந்த பிறகு வரும் இரண்டாம் பைப்புக்கு, அதாவது 645 மி.மீ.

உள்விட்டத்துக்கு லேத்பட்டறை அண்ணன் போனில் இன்னொரு கணக்குச் சொன்னார். ஒரு சிலிண்டரின் சிசியை, நீளத்துடன் 3 கூட்டியதை 25-ஆல் பெருக்கி வருவதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2.1-ஆல் பெருக்க வேண்டும். எனக்கு 1.15 அங்குலம் வந்தது, 29 மி.மீ. சொச்சம். இரண்டாம் பைப்புக்கு 38 மி.மீ. சொச்சம்.

இதில் ஒரு நல்ல விஷயம். எஸ்எஸ் 304-இல் 25 நாமினல் (பெயரளவு), ஷெட்யூல் 5 (சுவர்த் தடிமன் வகை) பைப்புக்கு வெளிவிட்டம் 33.4, சுவர் 1.65, உள்ளே 30.1. 32 நாமினலுக்கு உள்ளே 38.9. இரண்டும் கணக்குக்கு ஒட்டி வருகின்றன. வெல்டிங் செய்கிற மாதிரி எல்போவும் அதே அளவில் கிடைக்கிறது, வளைப்பதற்கு மிஷின் தேவையில்லை. உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் மிச்சத் துண்டுகளாக எடை போட்டு வாங்கி வந்தேன். அதே கடை வரிசையில் வால்வு இருக்கை உடைந்த ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டும் அகப்பட்டது. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மஞ்சூர்வண்டி
செவ்வாய், இரவு 10.10

எல்போ வாங்காமல் மணல் அடைத்துச் சூடு காட்டி வளைக்க முடியாதா? எங்கள் தாத்தா காலத்தில் கட்டிலுக்கெல்லாம் அப்படித்தான் வளைத்தார்கள்.

அருவங்காடு வெல்டர்
புதன், காலை 5.55

முடியும், ஆனால் மணல் பொரியரிசி மாதிரி காய்ந்திருக்க வேண்டும். நம்ம ஊர் மூடுபனியில் வெளியே கிடக்கும் மணலில் எப்போதும் ஈரம் இருக்கும். இரண்டு பக்கமும் அடைத்த பைப்பைச் சூடு காட்டும்போது அந்த ஈரம் ஆவியானால் அடைப்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். வாணலியில் போட்டு நன்றாக வறுத்த பிறகுதான் அடைக்க வேண்டும். எல்போ கிடைக்கும்போது இந்த ஆபத்து தேவையில்லை என்பது என் கருத்து.

இன்னும் சில விஷயங்கள். பல வருடம் எஸ்எஸ் வெல்டிங் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள்.

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை இதற்குத் தொடவே கூடாது. மலிவாக இருக்கிறது, துரு பிடிக்காது என்று நினைத்து எடுப்பார்கள். துத்தநாகப் பூச்சு எரியும் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வந்து படுக்க வைக்கும்.

பைப்பில் எண்ணெய் துடைக்க பிரேக் கிளீனர் எடுக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் மிச்சமிருக்கும் இடத்தில் ஆர்க் அடித்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு.

எஸ்எஸ் பைப்புக்கு உள்பக்கமும் ஆர்கான் விட வேண்டும். விடாவிட்டால் வெளியே தையல் தங்கம் மாதிரி இருக்கும், உள்ளே கருகிப்போய் சர்க்கரைக் கட்டி மாதிரி பொருபொருவென்று நிற்கும். புகையின் வழியில் அது தடை. பிற்பாடு விரிசல் தொடங்குவதும் அங்கேதான். இரண்டு முனையையும் அலுமினிய நாடாவால் மூடி, ஒரு பக்கம் டியூப் செருகி, மறுபக்கம் சின்ன ஓட்டை விட்டு, காற்று முழுக்க வெளியேறும் வரை பொறுத்திருந்து அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. குளிருக்கும் காற்றுக்கும் பயந்து நம்ம ஆட்கள் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு வெல்டிங் செய்கிறார்கள். காற்றடித்தால் ஆர்கான் கலைந்து தையல் கெட்டுவிடும் என்பது உண்மைதான். அதற்கு வேலை செய்யும் இடத்தைச் சுற்றி மட்டும் தகரத்தை நிறுத்தி வையுங்கள், கதவு திறந்திருக்கட்டும். எஸ்எஸ் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல. ஆர்கானும் காற்றைவிடக் கனமானது, மூடிய தாழ்வான இடத்தில் தேங்கினால் மூச்சுக்குக் காற்று இருக்காது.

தேயிலைச்சரிவு, குன்னூர்
புதன், காலை 7.30

ஐயா, ரொம்ப நன்றி. கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆரம்பிக்க இருந்தேன். வாங்க வேண்டிய ஃபில்லர் ராடு எது என்றும் சொல்லிவிடுங்கள். ஃபிளாஞ்ச், அதாவது பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் தகடு, 10 மி.மீ. சாதா இரும்பு, பைப் 304.

அருவங்காடு வெல்டர்
புதன், காலை 7.50

304-உடன் 304 சேருகிற இடத்தில் 308எல். ஃபிளாஞ்சில் இரும்பும் எஸ்எஸ்ஸும் சேருகிற இடத்தில் 309எல். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

தேயிலைச்சரிவு, குன்னூர்
ஞாயிறு, மாலை 6.20

இந்த வாரம் முழுக்க ஒரு தையல்கூடப் போடவில்லை. ஆனால் வேலையில் பாதி முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

இரும்பை வெட்டுவதற்கு முன்னால் பிளம்பிங் பிவிசி பைப்பும் எல்போவும் வாங்கி, எஞ்சின் ஆறியிருக்கும்போது வண்டியிலேயே வைத்து வழி கண்டுபிடித்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சின் மவுண்ட், பிரேக் பைப், கிளட்ச் கேபிள் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஸ்பேனர் போக வேண்டும். ஃபிளாஞ்சின் ஒவ்வொரு நட்டுக்கும் ரிங் ஸ்பேனர் கால்வட்டமாவது திரும்ப வேண்டும். முதலில் போட்ட வழியில் மூன்றாம் பைப் ஒரு நட்டுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. பிவிசியாக இருந்ததால் போயிற்று, எஸ்எஸ்ஸாக இருந்திருந்தால் ஒரு நாள் வேலை வீண்.

நான்கு பைப்பும் ஒரே நீளம் வருவதுதான் பெரிய பாடு. நடுவில் இருக்கும் இரண்டு போர்ட்டும் ஜோடிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, ஓரத்தில் இருக்கும் இரண்டும் தூரத்திலிருந்து வர வேண்டும். அதனால் 2, 3 பைப்புகளைக் கொஞ்சம் சுற்றி வரவிட வேண்டியிருந்தது. 25 நாமினல் எல்போவின் நடுக்கோட்டு ஆரம் 38 மி.மீ., ஆகவே ஒரு முழு எல்போ நடுக்கோட்டில் 60 மி.மீ. நீளம் எடுத்துக்கொள்கிறது. 45 பாகைக்கு வெட்டினால் 30. இதை வைத்து ஒவ்வொரு பைப்புக்கும் நோட்டில் எழுதிக் கூட்டினேன்.

பிறகு எஸ்எஸ்ஸில் வெட்டி, டேக் (பொட்டு வெல்டிங்) மட்டும் அடித்து, நீளம் சரிதானா என்று பார்க்க வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு முனையை நாடாவால் இறுக்கி மூடி, இணைப்புகளின் மேலும் நாடா சுற்றி, பைப்பைத் தண்ணீரால் நிரப்பி, அந்தத் தண்ணீரை மருந்துக் கடையில் வாங்கிய அளவுக் குவளையில் ஊற்றினேன். 30.1 உள்விட்டம், 381 நீளம் என்றால் 271 மில்லி வர வேண்டும். முதல் சிலிண்டரின் பைப் 270. நான்காவது 273. இரண்டாவது 268. மூன்றாவது 284 காட்டியது! 10 மில்லி அதிகம் என்றால் 14 மி.மீ. நீளம் அதிகம், இங்கே 13 மில்லி அதிகம், ஆக 18 மி.மீ. கூடிவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு நேர்த்துண்டை அளவு மாற்றி வெட்டியிருந்தேன். திருத்திவிட்டேன்.

பௌதிகவாத்தியார், கோத்தகிரி
ஞாயிறு, இரவு 7.40

தண்ணீர் ஊற்றி அளந்ததைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. என் மாணவர்களுக்கு நாளை இதைத்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

யானைத்தடம், மசினகுடி
ஞாயிறு, இரவு 9.15

வேலை அருமையாகப் போகிறது, பாராட்டுகள். ஆனால் இழையில் இதுவரை யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெடர் மாட்டியதும் பலர் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சைலன்சரையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கல்லட்டியின் 36 வளைவிலும் அந்தச் சத்தத்தை எதிரொலியோடு கேட்கிறவர்கள் நாங்கள். கல்லாறு, பர்லியார் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கிற இடம் என்று உங்களுக்கே தெரியும். குட்டியோடு நிற்கும் கூட்டத்துக்குப் பக்கத்தில் வெடிப்பது மாதிரி ஒரு சைலன்சர் கத்தினால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கின்றன.

தேயிலைச்சரிவு, குன்னூர்
ஞாயிறு, இரவு 9.50

நீங்கள் சொன்னதை மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன். கன்வர்ட்டர், சைலன்சர், டெயில் பைப் மூன்றும் கம்பெனியில் வந்தவையே இருக்கும், இடமும் மாறாது. சத்தம் முன்பு இருந்ததைவிடக் கூடக்கூடாது என்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொண்டுதான் கட்டுகிறேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு, அவர்கள் சம்மதித்தால்தான் சாலையில் ஓட்டுவேன். அதுவரை தோட்டத்துக்குள் மட்டும்தான். வேண்டாம் என்றால் வார்ப்பு மேனிஃபோல்டு வாங்கி மாட்டிவிடுவேன்.

கொண்டைஊசி, கூடலூர்
ஞாயிறு, இரவு 10.30

நான் என் வண்டியை டிரெய்லரில்தான் மைதானத்துக்கு எடுத்துப் போகிறேன், சாலையில் ஓட்டுவதில்லை. ஆனாலும் யானைத்தடம் அண்ணன் சொன்னது சரி. அண்ணா, கன்வர்ட்டரை இருந்த இடத்திலேயே வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அது சூடானால்தான் வேலை செய்யும். ரொம்பப் பின்னால் தள்ளி வைத்தால் குன்னூர் குளிரில் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது சூடாகவே ஆகாது.

தேயிலைச்சரிவு, குன்னூர்
அடுத்த சனி, மாலை 5.40

அந்தப் பழைய சிலிண்டர் ஹெட் எதற்கு என்று சொல்கிறேன் என்றேனே. ஃபிளாஞ்சை அதில் எட்டு நட்டும் போட்டு இறுக்கிய பிறகுதான் பைப்பை வெல்டிங் செய்ய வேண்டும். சூட்டில் தகடு வளையாமல் ஹெட் பிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டே முதல் பைப்பை அவசரத்தில் மேசைமேல் வைத்து முழுக்க அடித்துவிட்டேன். ஆறியதும் ஹெட்டில் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஃபீலர் கேஜின் 0.8 மி.மீ. இலை தாராளமாகப் போகிறது. 10 மி.மீ. தகடு, ஒரே ஒரு பைப்! மிச்சம் மூன்றையும் இறுக்கி வைத்து, ஒன்றில் கால்வட்டம், பிறகு நான்கில் கால்வட்டம், பிறகு இரண்டில் என்று மாற்றி மாற்றி அடித்தேன். நடுநடுவே கையை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டேன். முழுக்க ஆறும் வரை நட்டைத் தளர்த்தவில்லை. கடைசியில் கோவைக்கு அனுப்பி முகத்தைச் சமப்படுத்தி வாங்கினேன், லேத்பட்டறை அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கலெக்டரும் முடிந்தது. இரண்டு பைப்பைச் சாய்வாக வெட்டி ஒட்டும்போது நடுவில் வரும் அந்தக் கூர்மையான முனையை உள்ளேயிருந்து ஒட்டி, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அதற்கே அரை நாள். ஆக்சிஜன் சென்சாருக்கு நான்கு புகையும் கலந்த பிறகு வரும் இடத்தில், எம்18 மரை போட்ட குமிழை மேல்பக்கம் சாய்த்து வைத்தேன். கீழே பார்த்தபடி வைத்தால் குளிரில் பைப்புக்குள் திரளும் தண்ணீர் சென்சாரில் தேங்கிக் கெடுத்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. காலையில் டெயில் பைப்பில் சொட்டுவது அதுதான்.

இன்று மதியம் ஸ்டார்ட் செய்தேன். அந்த டக் டக் இல்லை. எஸ்எஸ் பைப் நான்கும் ஐந்து நிமிடத்தில் வைக்கோல் நிறமாகி, பிறகு ஃபிளாஞ்ச் பக்கம் மட்டும் நீலம் ஏறியது. நான்கிலும் நீலம் ஒரே தூரத்தில் நிற்கிறது.

லேத்பட்டறை, கோவை
அடுத்த சனி, இரவு 8.00

நான்கிலும் ஒரே தூரத்தில் நீலம் என்றால் நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி எரிகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல அடையாளம். 100 கி.மீ. ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள். கேஸ்கட் கொஞ்சம் படியும்.

தேயிலைச்சரிவு, குன்னூர்
மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 8.15

நல்லதும் கெட்டதும் இரண்டையும் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் ஒரிஜினல் உதிரிபாகங்களையும் வரைபடத்தையும் காட்டிப் பேசினேன். வண்டியை நேரில் பார்த்தார்கள். சத்தமும் கன்வர்ட்டரும் பழையபடியே இருப்பதைப் பார்த்து ஓட்டச் சொன்னார்கள். புகைச் சோதனையிலும் தேறியது.

ஏற்றத்தில் மாற்றம் தெரிகிறது. காட்டேரிக்கு முன்னால் நான் எப்போதும் இரண்டாம் கியருக்கு இறக்கும் வளைவு ஒன்று உண்டு. அதே மூட்டை எடையோடு இப்போது மூன்றிலேயே ஏறி வெளியே வருகிறது. 3000-க்கும் 4500-க்கும் நடுவில் வண்டி கால் மிதித்ததைக் கேட்கிறது. 5000-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை, அது எனக்குத் தேவையும் இல்லை.

இப்போது கெட்டது. நேற்று கலெக்டருக்குக் கீழே, தாங்கு கிளாம்ப் போட்ட இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, மயிரிழை விரிசல். என் தையல் மேல் இல்லை, அதற்குப் பக்கத்துப் பைப்பில்.

அருவங்காடு வெல்டர்
திங்கள், இரவு 9.05

கிளாம்பின் மறுமுனையை எதில் பிடித்திருக்கிறீர்கள்?

தேயிலைச்சரிவு, குன்னூர்
திங்கள், இரவு 9.10

சேசிஸில்.

அருவங்காடு வெல்டர்
திங்கள், இரவு 9.40

அதுதான் காரணம். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஆடுகிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்கிறது. சேசிஸ் ஆடுவதில்லை. நடுவில் உங்கள் பைப் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் முறுக்குப்படுகிறது. அதோடு 304 சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும். ஒரு மீட்டருக்கு, 600 டிகிரி சூடேறினால் 10 மி.மீ.க்கு மேல். இரண்டு முனையும் கட்டிப்போட்ட பைப் அந்த 10 மி.மீ.யை எங்கே கொண்டு போய் வைக்கும்? வார்ப்பு மேனிஃபோல்டு இரண்டு தடவை விரிந்ததற்கும் பின்னால் இழுத்துக்கட்டிய ஏதோ ஒரு கிளாம்ப் காரணமாக இருந்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

விரிசலின் இரண்டு முனையிலும் 2 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்தி, வி வடிவில் தேய்த்து, மறுபடி உள்ளே ஆர்கான் விட்டு அடையுங்கள். கிளாம்பைச் சேசிஸிலிருந்து எடுத்து கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் பிடியுங்கள், எஞ்சினோடு சேர்ந்து ஆடட்டும். கலெக்டருக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவில் வலை போட்ட நெளிபைப் ஒன்று வைத்துவிடுங்கள்.

மஞ்சூர்வண்டி
செவ்வாய், காலை 6.40

நானும் கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் சாதா இரும்பில். சூடு பானட்டுக்குள் பரவாமல் இருக்க நாடா சுற்றிவிடலாமா?

லேத்பட்டறை, கோவை
செவ்வாய், காலை 9.20

மஞ்சூரில் வேண்டாம். வருடத்தில் பாதி நாள் மழையும் பனியும். நாடா ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பைப்பை உள்ளிருந்து தின்றுவிடும். சாதா இரும்பு என்றால் சூடு தாங்கும் பெயின்ட் அடித்து, டப்பாவில் சொன்ன மாதிரி படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்துங்கள். கிளட்ச் கேபிள் பக்கம் மட்டும் ஒரு தகரத் தடுப்பு போதும். சுவர் 2 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள்.

தேயிலைச்சரிவு, குன்னூர்
ஞாயிறு, மாலை 4.30

ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. பழைய தாங்கு கிளாம்பின் ரப்பர் புஷ் எப்போதோ கரைந்து போய், இரும்போடு இரும்பு உரசி பளபளவென்று தேய்ந்திருக்கிறது. இரண்டு மேனிஃபோல்டையும் தின்றது அதுதான். கியர்பாக்ஸில் புதுக் கிளாம்ப் பிடித்து, நெளிபைப் வைத்து, விரிசலையும் அடைத்தாயிற்று. இன்று மேட்டுப்பாளையம் சாலையின் 14 வளைவும் இரண்டு தடவை இறங்கி ஏறினேன். வந்ததும் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தையல் எல்லாம் அப்படியே இருக்கிறது.

மஞ்சூர் தம்பி, அந்தப் பழைய ஹெட்டை வீட்டிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் ஃபிளாஞ்சை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அதில் இறுக்கி வைத்தே அடித்துவிடலாம். அளவுக் குவளையும் இருக்கிறது.